சக்குபள்ளத்துச் சூட்டறை

நவம்பர் 4, திங்கள்

மழை. கம்பத்திலிருந்து மலையேறும்போது தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. ஜீப்பில் இரண்டு முறை வாந்தி. அறுபத்தெட்டு வயதில் வந்திருக்க வேண்டாம். எங்கள் ஊர் கல்பாத்தியில் தேர் வருவதற்குள் முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டேன் என்பதும் சரியில்லை. மறுக்கத் தெரியவில்லை.

வேலை: சக்குபள்ளம் ஏலத்தோட்டத்து முதலாளியின் பங்களாவில் மின்சாரச் சூட்டறை அமைப்பது. வடக்குக் கடலோர தேசத்தாரின் குளியலாம். மரப்பலகை அறை, உள்ளே மின்சார அடுப்பு, அடுப்பின்மேல் கற்கள். கற்கள் காய்ந்ததும் நீர் தெளித்து, வியர்க்க வியர்க்க உட்கார வேண்டும். அவருடைய முழங்கால் வலிக்காக, கப்பல் வேலையிலிருக்கும் வெள்ளைக்கார நண்பர் யாரோ அனுப்பியது. நான் பஞ்சாலையில் மின்சார சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவன். மோட்டார் தெரியும். இது தெரியாது. சொன்னேன். "அடுப்புதானே ஐயரே" என்றார்.

முதலாளியை இனி மு. என்றே எழுதுவேன். யார் கையிலாவது இது அகப்பட்டால்.

அடுப்பிருந்த பெட்டியை இறக்கும்போது கூலியாள் ஒருவனுக்குக் கை நழுவியது. கங்காணி கருத்தபாண்டி காப்பிச் செடிக் கம்பால் அவன் முதுகில் அடித்தான். அவசரமில்லாமல், தூசி தட்டுவதுபோல. மு. வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டே, "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் உள்ளே போய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். வெகுநேரம் துடைத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை, மூடுபனி. பெட்டியைத் திறந்தேன். இரும்புக் கூடு, மூன்று கம்பிச்சுருள், பீங்கான் முனைகள், சுவரில் பொருத்தும் வெப்பக்குமிழ். ஆறு கிலோவாட். கூடவே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த குறிப்பு. இரண்டு முறை படித்தேன். எனக்காகத் தமிழில்:

— அடுப்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் வெளி. குறையக்கூடாது.
— கல்லின்மேல் துணி, சாக்கு எதுவும் போடக்கூடாது. மூடினால் சூடு மேலே போகாது. சுவரில் உள்ள குமிழ் அறை இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணி அடுப்பை ஓட்டிக்கொண்டே இருக்கும்.
— காற்றுத் துளை தரையருகே ஒன்று, எதிர்ச்சுவரில் மேலே ஒன்று.
— எர்த் கம்பி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக்கூடாது.
— கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளிருப்பவர் தோளால் தள்ளினாலே திறக்க வேண்டும். தாழ்ப்பாள் கிடையாது, பூட்டு கிடையாது.
— குடித்தவர் உள்ளே போகக்கூடாது. (மு.விடம் யார் சொல்வது?)

தச்சுவேலை மத்தாயி. கோட்டயம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். தோட்டத்துக்கு மின்சாரம் தரும் டர்பைனையும் அவர்தான் பார்க்கிறார்.

"கதவு வெளியே திறந்நா மழை அகத்து அடிக்கும் சாமி."

"அடிக்கட்டும்."

"தாழும் வேண்டா?"

"வேண்டாம்."

"இவிடெ கோழிக்கூட்டுக்கு வரெ பூட்டு உண்டு, கேட்டோ" என்று சிரித்தார்.

நவம்பர் 6, புதன்

மாலையில் 'ஸ்டோர்' பார்த்தேன். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு இங்கே அதுதான் பெயர். வெளியே விறகு எரிகிறது. உள்ளே தகரக் குழாய் வழியே சூடு ஓடுகிறது. தட்டுத் தட்டாகப் பச்சைக்காய். அதைக் கிளறிவிட ஓர் ஆள் உள்ளே. கதவில் வெளிப்பக்கம் பூட்டு.

"உள்ளே ஆள் இருக்கே?" என்றேன்.

"இருக்கத்தான் செய்யும்" என்றான் கங்காணி. "தொறந்து விட்டா மடியில கட்டிக்கிட்டுப் போயிருவாளுவ. வேலை முடிஞ்சதும் நான் வந்து தொறந்து, சோதிச்சுத்தான் அனுப்புவேன். எங்க அப்பா காலத்துலயிருந்தே இப்படித்தான்."

திறந்ததும் வெளியே வந்தவள் பேச்சி. முப்பது வயதிருக்கும், விதவை. கங்காணிக்குச் சொந்த அக்கா மகள். அவள் கையைத் தூக்கி நிற்க, கிழவி ஒருத்தி மடியைத் தடவினாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"என்ன சாமி, தரையப் பாக்கிய? காய் எதுவும் கீழ விழுந்துட்டா?"

"ஏட்டி, வாயை மூடு" என்று கங்காணி கம்பை ஓங்கினான்.

"மாமா அடிச்சா வலிக்காது சாமி. சீதனமா குடுத்த அடி."

எல்லோரும் சிரித்தார்கள். கம்பு விழத்தான் செய்தது. தோளில்.

நவம்பர் 8, வெள்ளி

எர்த் போட்டாயிற்று. கரியும் உப்பும் இட்டு ஆழக் குழி. மண் ஈரம், நல்லது. மெயின் ஸ்விட்ச் அறைக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில்.

கவலை டர்பைனைப் பற்றி. ஓடைநீரில் சுழலும் சிறியது. வேகத்தைத் தானே அடக்கும் கருவி அதில் இல்லை. மத்தாயி வால்வைத் திருகித்தான் அடக்க வேண்டும். அடுப்பு பெரும் பளு. குமிழ் ஒவ்வொரு சுருளாக அணைத்தால் தாங்கும்; மொத்தமாகச் சட்டென்று நிறுத்தினால் டர்பைன் வெறிபிடித்து ஓடும், விளக்கெல்லாம் வெடிக்கும். எனவே ஒரு முறை வகுத்தேன்: இங்கே தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது; மத்தாயி வால்வைக் குறைத்துப் பதில் மணி அடித்த பிறகே ஸ்விட்சை அணைப்பது. இரண்டு தடவை ஒத்திகை. "பள்ளி மணி போலே" என்றார் மத்தாயி.

கல்: கங்காணி ஓடையிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தான். வழவழவென்று கருத்த உருண்டைகள், சிவலிங்கம் மாதிரி. கழுவி மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். குறிப்பில் 'கடினமான, பிளவில்லாத கல்' என்றிருந்தது. ஓடைக்கல்லைவிடக் கடினமானது எது என்று நினைத்தேன். நன்றாகவும் இருந்தது பார்க்க.

நாளை முதல் சூடு.

நவம்பர் 9, சனி

தேங்காய் உடைத்துச் சூடேற்றினோம். வேளை போகப் போகக் கல் காய்ந்தது. மத்தாயி எட்டிப் பார்த்தார். அப்போது முதல் கல் வெடித்தது. துப்பாக்கிச் சத்தம். பிறகு அடுத்தடுத்து. சில்லுகள் பலகையில் தைத்தன. ஒன்று மத்தாயியின் புருவத்தைக் கிழித்தது, முகம் முழுதும் ரத்தம். ஓடையிலேயே கிடந்த கல்லுக்குள் நீர் ஊறியிருக்கிறது. அது ஆவியாகி வழி தேடியிருக்கிறது. பள்ளிப் பையனுக்குத் தெரியும் இது. எனக்குத் தோன்றவில்லை.

மு. ஓடி வந்தார். புதுப் பலகையில் ரத்தத்தைப் பார்த்ததும் மத்தாயியின் கன்னத்தில் அறைந்தார். காயம் பட்ட பக்கமே. "தலையை நீட்டச் சொன்னது யாருடா?"

"தப்பு என்னோடதாக்கும், முதலாளி" என்றேன். மெதுவாகச் சொல்லிவிட்டேன் போல. யாரும் திரும்பவில்லை.

மத்தாயி ஓடையில் முகம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். "சாரமில்லா சாமி" என்றார், பரவாயில்லை என்பதற்கு. "கண்ணு போயில்லல்லோ."

மலையை வெடிவைத்து உடைத்த இடத்திலிருந்து வறண்ட கருங்கல் கொண்டுவரச் சொன்னேன். இனி ஒவ்வொன்றையும் நானே தட்டிப் பார்ப்பேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கருங்கல் தாங்குகிறது. வெறும் அறையை முழுப்பகல் ஓட்டினேன். வெடிப்பில்லை. பலகை கருகவில்லை. எர்த் சரி.

மாலை மு. உள்ளே போனார். குடித்திருந்தார். குறிப்பைச் சொல்ல வாயெடுத்தேன், வந்தது இருமல். உள்ளே நீரை வாளியோடு கொட்டி, ஆவி சீறும்போது காளை மாதிரி முழங்கினார். வெளியே வந்து, சிவந்த உடம்போடு மழையில் நின்று, வாலாட்டி வந்த நாயை எட்டி உதைத்தார். சந்தோஷத்தில். "முழங்கால்ல வலியே இல்லை ஐயரே!" நாய் இன்னும் நொண்டுகிறது.

அடுப்பு ஓடும்போது லயத்தில், அதாவது கூலிக்காரர் வரிசை வீடுகளில், விளக்கு மங்கிச் சிவக்கிறது. யாரும் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பலாமா என்றேன். இன்னும் சில நாள் ஓட்டிக் காட்டிவிட்டுப் போங்கள் என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

அடைமழை. விறகு நனைந்துவிட்டது. ஸ்டோரில் புகைதான் வருகிறது, சூடு இல்லை. பறித்த காய் சாக்கில் வெந்து நிறம் மாறுகிறது, அழுகல் வாடை. கங்காணி மு.விடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"மொதலாளி, அங்க ஒரு ரூமு சும்மா காயுது. காயைப் போட்டா ஒரு ராத்திரி பாடு."

மு. என்னைப் பார்த்தார். "என்ன ஐயரே, சூடு சூடுதானே?"

இல்லை என்றேன். இந்த முறை சத்தமாகவே. காரணங்களை வரிசையாகச் சொன்னேன்: மனிதன் கொஞ்ச நேரம் உட்காரும் சூடு இது, நாள் முழுக்க ஒருவரை நிறுத்தும் சூடு அல்ல, சாக்கு கல்லில் பட்டால் பற்றும், ஆள் உள்ளே இருந்தால் கதவு...

"கதவுக்கு என்ன?"

"பூட்டக் கூடாது முதலாளி. கெஞ்சிக் கேக்கறேன்."

"காயை உள்ள வச்சுட்டுக் கதவைத் தொறந்து போட்டா, அதுக்கு நான் சந்தைக்கே தூக்கிக் குடுத்துரலாமே" என்றார். கங்காணி சிரித்தான்.

மத்தாயியை வைத்து, பூட்டு மாட்ட வெளியே கொண்டி அடித்தார்கள். மத்தாயி என் முகத்தைப் பார்க்காமல் அடித்தார். நானும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆணி நனையாமல்.

நவம்பர் 13, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பேச்சியை உள்ளே விட்டுப் பூட்டினார்கள். தட்டு போதாமல் சாக்கையும் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள், கல்லுக்கு நேர் மேலே. சூடு வெளியே போகிறது என்று கங்காணி தரைத் துளையில் கந்தலை அடைத்திருந்தான். சாவியோடு காய் நிறுக்க மலைமேல் போய்விட்டான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பங்களாத் தாழ்வாரத்தில் இருந்தேன். அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், போய்ப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சாக்குக் கருகும் வாடை. உள்ளிருந்து தட்டும் சத்தம். "எரியுது! ஏ மாமா! எரியுது!"

மணி அடிக்க வேண்டும், பதில் மணிக்குக் காத்திருக்க வேண்டும். நான் வகுத்த முறை. மணி அடிக்கும் கட்டையைக் கையில் எடுத்தேன். கீழே போட்டேன். ஸ்விட்சை இழுத்தேன்.

டர்பைன் கொட்டகையிலிருந்து ஊளை. பங்களாவில் பல்புகள் வரிசையாக வெடித்தன. மு.வின் ரேடியோவும். பிறகு கொட்டகையில் ஒரு பெரிய அடி விழுந்த சத்தம்: பெல்ட் கழன்று தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மத்தாயியைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் கதவுக்கு ஓடினேன்.

பூட்டு அசையவில்லை. கதவு வெளிப்புறம் திறப்பது, ஆகவே கீலும் வெளிப்புறம். கருங்கல் ஒன்றை எடுத்துக் கீலின் முளையைக் கீழிருந்து மேலாக இடித்தேன். விரல் நகம் போயிற்று. லயத்துப் பெண்கள் மண்வெட்டியோடு வந்து கதவைப் பெயர்த்தார்கள். புகை முகத்தில் அடித்தது.

பேச்சி தரையில் குப்புறக் கிடந்தாள். கந்தலைப் பிடுங்கிவிட்டு, துளையில் வாயை வைத்துக்கொண்டு. எரிந்த சாக்கை வெறுங்கையால் இழுத்து மிதித்திருக்கிறாள். இரண்டு உள்ளங்கையும் தோல் கழன்று தொங்கியது. தலைமயிர் ஒரு பக்கம் இல்லை.

வெளியே இழுத்துப் போட்டதும் வாந்தி எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட்டிருக்கலாம்லா சாமி."

மத்தாயி கொட்டகையிலிருந்து நடந்து வந்தார். உயிரோடு. "பெல்ட்டு என்னைத் தேடித்தன்னெ வந்நது சாமி. ஞான் குனிஞ்ஞு."

கங்காணி மலையிலிருந்து ஓடி வந்தான். அவள் கையைப் பார்க்கவில்லை. முதலில் மடியைத் தடவினான். நான்கைந்து காய் இருந்தது.

"திருட்டு முண்டை" என்று அந்த வெந்த தலையிலேயே அறைந்தான்.

"காய்க்குள்ள கெடந்தவ சேலையில காய் ஒட்டாம, காசா ஒட்டும்?" என்றாள். மறுபடியும் அறை. யாராவது தடுப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நவம்பர் 14, வியாழன்

மழை. நேற்று விட்டுப்போனது: ரேடியோவுக்காக மு. என்னை அடித்தார். ஒரே அறை. கண்ணாடியின் இடப்பக்க வில்லை உடைந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதை எழுதுகிறேன். என் தகப்பனார் இறந்த பிறகு என்னை யாரும் அடித்ததில்லை. காது இரைகிறது. அவமானம் என்று எழுதலாமா என்று பார்த்தேன். அதுவும் முழுக்கச் சரியில்லை. பயத்தில் பாதி குறைந்துவிட்டது மாதிரி இருக்கிறது. நடக்கவிருந்தது நடந்துவிட்டதால்.

பேச்சியின் கைக்குத் தேன் தடவி வாழையிலை கட்டியிருக்கிறார்கள். கம்பத்து ஆஸ்பத்திரிக்கு ஜீப் கேட்டேன். பெல்ட் வாங்கப் போயிருக்கிறது என்றார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

பெல்ட் வந்து, மாட்டியாயிற்று. அடுப்பைச் சோதித்தேன். சுருளுக்கு ஒன்றுமில்லை. கரிதான். ஏதாவது கெட்டிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முனையாகப் பார்த்தேன். நல்ல பொருள்.

மு. சொன்னது: நாளை மறுபடி காய். கதவு பழையபடி மாட்டப்பட்டுவிட்டது, கீல் முளையின் இரு முனையும் நசுக்கப்பட்டு, இனி எவனும் கழற்ற முடியாதபடி. உள்ளே பேச்சியேதான். "திருடுனவதான் கிளறி ஈடு கட்டணும். முடியாதுன்னா லயத்து வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகட்டும்."

"அவளுக்குக் கையே இல்லையே முதலாளி."

"கரண்டி கட்டிவிடு."

லயத்துக்குப் போனேன். முதல் தடவையாக. பேச்சி சுவரில் சாய்ந்திருந்தாள். வாயில் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு நீ போகாதே."

"போகலேன்னா எங்க போக? மழையில நிக்கவா? நீங்க ஸ்விட்சுப் பக்கத்துலயே நில்லுங்க சாமி, போதும்."

"என்னை நம்பாதேடீம்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"பின்ன வேற யாரு இருக்கா?" எரிச்சலாகத்தான் கேட்டாள்.

ஸ்விட்சை நான் அணைக்கலாம். நான் ஊருக்குப் போன மறுநாள்? கம்பியைக் கழற்றி ஒளிக்கலாம். மத்தாயியை அடித்து வாங்குவார்கள். எது செய்தாலும் வேறு யாரோ முதுகில் போய் விழுகிறது.

இன்று கல்பாத்தியில் தேர்.

நவம்பர் 16, சனி

மழை விட்டிருக்கிறது. வெளிச்சம் குறைவு, எழுத்து கோணும்.

காலையில் எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். பேச்சியின் மணிக்கட்டில் மரக்கரண்டியைக் கட்டியிருந்தார்கள். அடுப்பு சூடேறிக்கொண்டிருந்தது. மு. ஓட்டச் சொல்லியிருந்தார்.

நான் மணி அடித்தேன். பதில் மணிக்குக் காத்திருந்தேன். வந்தது. ஸ்விட்சை அணைத்தேன். ஃப்யூஸ்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். சோதனை விளக்கை மூன்று முனையிலும் வைத்துப் பார்த்தேன். மறுபடி ஒரு தடவை. மின்சாரம் இல்லை.

"என்ன ஐயரே, கோளாறா?" என்றார் மு. வராந்தாவிலிருந்து.

"இல்லை. இப்பத்தான் உண்டாக்கப் போறேன்" என்றேன். குரல் உடைந்தது, ஆனால் கேட்டது. "மத்தாயிக்கு இதில சம்பந்தமில்லை. பேச்சிக்கும் இல்லை. நான்தான். எல்லாரும் பாத்துக்கோங்கோ."

மத்தாயியின் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சூடான கல்லை இடுக்கியால் அகற்றினேன். முதலில் பீங்கான் முனைகள். பிறகு சுருள்கள், இடமிருந்து வலமாக. இரும்புக் கூட்டைப் பக்கவாட்டில் அடித்து நெளித்தேன். கடைசியில் வெப்பக்குமிழ். தேவைக்கு அதிகமாக அடித்தேன் என்று நினைக்கிறேன். உடைந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன். வாயில் என்னென்னவோ வந்தது, எழுத மாட்டேன். நன்றாக இருந்தது. அதுவும் எழுதக்கூடாதுதான்.

கங்காணி வந்து கம்பால் முழங்காலில் அடித்தான். விழுந்தேன். கம்பு இன்னும் இரண்டு மூன்று தடவை. சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டான். மு. "உள்ளேயே கெடக்கட்டும், போலீஸு வரட்டும்" என்று கத்தினார். ஜீப் கிளம்பும் சத்தம். பூட்டிவிட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வீங்குகிறது. இடுப்பில் இந்தக் குறிப்பேடும் பென்சிலும் இருந்தன. அறையில் மிச்சமிருந்த சூடு போய்விட்டது. கல்பாத்தியில் இதை எப்படிச் சொல்வது? பயமாகத்தான் இருக்கிறது. பயம் போய்விடும் என்று எதிர்பார்த்தேனா என்ன?

கதவுக்கு வெளியே பேச்சி.

"சாமி. உள்ள சுடுதா?"

"இல்லைடீம்மா. குளிர்றது."

சிரிக்கிறாள். கூட நிற்கும் பெண்களும். கங்காணியின் குரல்: "விலகுங்கட்டீ!" அவள் குரல்: "சாவியக் குடுங்க மாமா." அடி விழும் சத்தம். மண்வெட்டிகள் இழுபடும் சத்தம். மறுபடி அடி.

இப்போது அலறியது கங்காணி.